குழலைக் காத்த கொதிநீர்

நீர் இரும்புக்குப் பகை என்பதை நாம் அனைவரும் அறிவோம். எனினும் பிரிட்டிஷ், இந்தியப் படைகளின் சிப்பாய்கள் நெடுங்காலம் தம் துப்பாக்கிக் குழலைக் கொதிநீர் கொண்டே காத்துவந்தனர். வங்காளத்து இஷாப்பூர்த் தொழிற்சாலையிலும் உருவான லீ என்பீல்டு துப்பாக்கியின் பின்கட்டையில் எண்ணெய்க் குப்பியும் துப்புரவுக் கயிறும் வைக்க ஓர் அறை உண்டு. சுட்டு முடிந்ததும் புனல் வழியே குழலுள் கொதிநீர் ஊற்றுவர். கயிற்றில் துணி கோத்து இழுத்து ஈரம் போக்குவர். பின்னரே எண்ணெய் இடுவர்.

எண்ணெய் மட்டும் போதாதோ எனில், போதாது. அன்றைய தோட்டாவின் அடியில் முதல் தீ மூட்டும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டு கலந்திருந்தது. வெடித்தபின் அது கறியுப்பை ஒத்த பொட்டாசியம் குளோரைடாகிக் குழலின் உட்புரிகளில் படியும். காற்றின் ஈரத்தை ஈர்த்துத் துருவை வளர்க்கும். புரி அரிக்கப்பட்டால் குறி தவறும். இவ்வுப்பு எண்ணெயில் கரையாது, நீரில் கரையும்.

புகையில்லா வெடிமருந்தின் அமிலமே துருவுக்குக் காரணம் எனப் பலர் கருதினர். 1922-இல் வெளியான அமெரிக்கச் சுரங்கத்துறை ஆய்வில், உப்பே காரணம் என வில்பர்ட் ஹஃப் விளக்கினார். பின்னர் இவ்வுப்பை விட்டுச் செல்லாத மருந்துகள் பரவின. கொதிநீரின் தேவையும் குறைந்தது.

ஒரு வழக்கத்தைப் பழமை எனத் தள்ளுமுன், அது எதைக் காத்தது என நாம் வினவுதல் நன்று.