இலாடமும் உறைபனியும்: 1812

நெப்போலியனின் ருஷ்யப் படையெடுப்பு என்றதும் நம்மில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் டால்ஸ்டாய்தான். டி.எஸ். சொக்கலிங்கத்தின் 'போரும் வாழ்வும்' மொழிபெயர்ப்பின் வழியாக அந்தப் போருக்குள் நுழைந்தவன் நான். ருஷ்யக் குளிரே நெப்போலியனைத் தோற்கடித்தது என்ற எண்ணத்துடன் பல ஆண்டுகள் இருந்தேன். (டால்ஸ்டாய் அவ்வளவு எளிமையாக எதையும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம். வாசகன் தனக்கு வசதியானதைத்தானே எடுத்துக்கொள்கிறான்.) அந்த எண்ணத்தைக் கலைத்தவை, பேரரசரின் குதிரை லாயங்களுக்குப் பொறுப்பாக இருந்த பிரபு ஒருவரின் நினைவுக்குறிப்புகள்.

அர்மான் தெ கோலாங்கூர் 1807 முதல் 1811 வரை செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிரெஞ்சுத் தூதராக இருந்தவர். நான்கு ருஷ்யக் குளிர்காலங்களைக் கண்ணால் கண்டவர். இந்தப் படையெடுப்பு வேண்டாம் என்று பேரரசரிடம் நேருக்கு நேராக வாதாடித் தோற்றவர். வாதத்தில் தோற்றபின் அவர் செய்த காரியம்தான் என்னை ஈர்த்தது. தன் பொறுப்பில் இருந்த குதிரைகளின் குளம்புகளை அவர் கவனிக்கத் தொடங்கினார்.

குளம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கற்பாதையில் குளம்பு தேயாமல் காப்பதற்காக அடிக்கப்படும் இலாடம், உறைபனியின்மேல் குதிரைக்கு எதிரியாகிவிடுகிறது. நடந்து நடந்து மெருகேறிய இரும்பு, பனிக்கட்டியைப் பற்றுவதில்லை. இலாடமே இல்லாத வெறுங்குளம்புகூட அதைவிட மேல். புதுப்பனியில் இன்னொரு தொல்லை உண்டு. இலாடத்தின் வளைவுக்குள் பனி புகுந்து, குளம்பின் சூட்டில் சற்றே உருகி, குளிர்ந்த இரும்பில் பட்டு மறுபடி உறைந்து, அடிக்கு அடி பருத்து உருண்டையாகத் திரண்டுவிடும். அப்போது குதிரை நான்கு பனி உருண்டைகளின்மேல் தள்ளாடி நிற்கும், கணுக்கால் எந்த நேரமும் மடங்கலாம்.

வட நாட்டவர்கள் இதற்கு வழி கண்டிருந்தார்கள். இலாடத்தின் இரு பின்முனைகளையும் கீழ்நோக்கி மடித்துக் கூராக்குவார்கள். அல்லது சாதாரண ஆணிகள் சிலவற்றைப் பிடுங்கிவிட்டுக் கூர்த்தலை கொண்ட பனி ஆணிகளை அறைவார்கள். பனி திரளாமல் இருக்க உள்ளங்குளம்பில் கொழுப்பைத் தடவுவதும் உண்டு. கேட்பதற்கு எளிது, ஆனால் அந்தக் கூர் நிலைப்பதில்லை. இறுகிய பாதையில் சில நாட்களிலேயே மழுங்கிவிடும். திரும்பத் திரும்பக் கூராக்கவும் மாற்றவும் வேண்டும். அதற்குக் கொல்லன் வேண்டும், உலை வேண்டும், கரி வேண்டும், அடிக்கடி ஆணி பிடுங்கினால் குளம்பின் ஓடு சிதையும் என்பதை அறிந்த கை வேண்டும். பின்வாங்கி ஓடும் படையில் இவை எதுவும் எளிதில் கிடைப்பதில்லை.

ஏறுபவனுக்கும் பாடங்கள் இருந்தன. பனிக்கட்டியில் கடிவாளத்தை இறுக்கக் கூடாது, தலையை முன்னும் பின்னும் ஆட்டித்தான் குதிரை சமநிலை கொள்கிறது. கால்களை அங்கவடியிலிருந்து விடுவித்து வைத்திருப்பது நல்லது. பக்கவாட்டில் சரியும் குதிரை தன் முழு எடையையும் சவாரிக்காரனின் காலின்மேல் இறக்கிவிடும். சரிவு வந்தால் இறங்கிவிட வேண்டும், இறங்கிக் குதிரையை நடத்திச் செல்ல வேண்டும்.

1812 செப்டம்பர் 14 அன்று நெப்போலியன் மாஸ்கோவுக்குள் நுழைந்தார். அங்கே கழிந்த ஐந்து வாரங்களில் கோலாங்கூர் ஆட்டுத்தோல், கையுறை, பனி இலாடம் என்று பேசிக்கொண்டே இருந்தார். அவருக்கு அது துக்க காலமும்கூட. ஒரு வாரத்துக்கு முன்புதான், செப்டம்பர் 7 அன்று, பொரோடினோவில் அவருடைய தம்பி கொல்லப்பட்டிருந்தார். அக்டோபர் வெயிலோ அந்த ஆண்டு இதமாக இருந்தது. ஃபோந்தேன்ப்ளோவைவிட இங்கே இலையுதிர்காலம் நன்றாக இருக்கிறதே என்று பேரரசர் தன் குதிரைத் தலைவரைக் கேலி செய்தார். கோலாங்கூர் தன் அதிகாரத்துக்குட்பட்ட அரண்மனைக் குதிரைகளுக்கு மட்டும் பனி இலாடங்களைச் செய்துவைத்தார். போலந்துக் குதிரைப்படையினருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவர்களுக்கு அது ஊர்ப் பழக்கம். மற்றப் படை முழுவதும் கோடைகால இலாடங்களுடன் அக்டோபர் 19 அன்று மாஸ்கோவை விட்டுப் புறப்பட்டது.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குதிரைகளின் அழிவு பனியில் தொடங்கியதல்ல. ஜூன் 24 அன்று நேமன் நதியைக் கடந்த சில நாட்களுக்குள்ளாகவே, பெருமழையிலும் பச்சைக் கம்புப்பயிர் தின்று வந்த வயிற்று நோயிலும் ஆயிரக்கணக்கானவை செத்தன. மாஸ்கோவிலிருந்து கிளம்பியவை எலும்பும் தோலுமாக இருந்தவை. இலாடம் ஒன்றே எல்லாவற்றையும் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பசித்த குதிரைக்குத்தான் பிடிமானம் அதிகம் தேவை. வலுவான குதிரை வழுக்கினாலும் ஒரு திமிறலில் எழுந்துவிடும். மெலிந்தது விழுந்தால், பின்னங்கால்களை ஊன்ற முயன்று, அவை சறுக்க, மறுபடி முயன்று, மூன்றாவது முறையில் கிடந்துவிடும். கிடந்ததை எழுப்ப யாரும் நின்றதில்லை. அது உயிருடன் இருக்கும்போதே கத்தியுடன் வந்தவர்கள்தான் உண்டு.

நவம்பர் முதல் வாரத்தில் பனி விழுந்தது. நவம்பர் 9 அன்று ஸ்மோலென்ஸ்க்கை அடைந்தபோதே பீரங்கிகள் வழியெங்கும் கைவிடப்பட்டுக் கிடந்தன. ஸ்மோலென்ஸ்க்குக்கு மேற்கே நிலம் மேடும் பள்ளமுமானது. முன்னே போனவர்களின் காலடியில் பாதை கண்ணாடியாகிவிட்டிருந்தது. லியாடிக்குள் இறங்கும் சரிவில் நிற்கவே முடியாமல், ஐரோப்பாவின் சக்கரவர்த்தி தன் தளபதிகளுடன் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினார். இந்தக் காட்சியை வைத்துச் சிரித்தவர்கள் பலர். எனக்கு அது அவர் அந்தப் பயணத்தில் எடுத்த விவேகமான முடிவுகளில் ஒன்றாகத்தான் படுகிறது.

டிசம்பர் 3 தேதியிட்ட புகழ்பெற்ற 29வது அறிக்கையில், சில நாட்களுக்குள் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகள் மடிந்தன என்று நெப்போலியன் பிரான்சுக்கு அறிவித்தார். பழியைக் குளிரின்மேல் போட்டார். கோலாங்கூர் இதை ஏற்கவில்லை. குளிரைவிடப் பனி இலாடம் இல்லாமையே அதிகக் குதிரைகளைக் கொன்றது என்று அவர் திரும்பத் திரும்ப எழுதுகிறார். அவர் வைக்கும் சான்று அவருடைய லாயம். அதே சாலையில், அதே குளிரில் வந்த அரண்மனைக் குதிரைகளில் இழப்பு மிகக் குறைவு. தன் துறையைப் பற்றிப் பெருமையாக எழுதுபவரைச் சற்று ஐயத்துடன்தான் படிக்க வேண்டும். ஆயினும் போலந்துக் குதிரைகளும் ஒப்பீட்டளவில் தாக்குப்பிடித்தன என்பது அவர் கூற்றுக்கு வலுச் சேர்க்கிறது.

பனிக்கட்டியின் விளையாட்டு இத்துடன் முடியவில்லை. நவம்பர் 18 இரவு, பின்காப்புப் படையுடன் துண்டிக்கப்பட்ட மார்ஷல் நே, அரைகுறையாக உறைந்த நீப்பர் நதியை நடந்து கடந்தார். மனிதர்களைத் தாங்கிய பனி, குதிரைகளையும் பீரங்கிகளையும் தாங்காது என்பதால் அவை கரையிலேயே விடப்பட்டன. நவம்பர் இறுதியில் பெரஸினாவை அடைந்தபோது, குதிரையோடு கடக்கும் அளவுக்கு உறைந்திருக்க வேண்டிய நதி, இடையில் வந்த இளஞ்சூட்டால் உருகி ஓடிக்கொண்டிருந்தது. பாலச் சாமான்களைச் சில நாட்கள் முன்னர் ஓர்ஷாவில் எரித்தாயிற்று. ஜெனரல் எப்லே இரண்டு கள உலைகளையும் கொஞ்சம் கரியையும் கருவிகளையும் எரிக்காமல் வைத்திருந்ததால்தான் பாலம் அமைந்தது. மாஸ்கோ முதல் குளம்புகளுக்குக் கிடைக்காத கொல்லுலை, அங்கே ஒரு படையின் எச்சத்தைக் காப்பாற்றியது.

1869-இல் மினார் வரைந்த வரைபடத்தை வாசகர்கள் பலர் பார்த்திருக்கக்கூடும். 4,22,000 பேராகக் கிளம்பிய தடித்த பட்டை, திரும்புகையில் பத்தாயிரமாக மெலிந்து நேமனை அடையும் படம். கீழே வெப்பநிலைக் கோடு. மிக அழகான வரைபடம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் எண்ணப்பட்டிருப்பவர்கள் மனிதர்கள் மட்டுமே. குதிரைகளுக்கும் ஒரு பட்டை வரைந்திருந்தால், அது இன்னும் முன்னதாகவே மெலிந்திருக்கும். அதன் பின்விளைவு அடுத்த ஆண்டுக்குள்ளும் நீள்கிறது. 1813 மே மாதத்தில் லுட்சனிலும் பாட்சனிலும் வென்ற நெப்போலியனால், தோற்று விலகிய எதிரியைத் துரத்த முடியவில்லை. ஆட்களைப் புதிதாகத் திரட்டிவிட்டார், பழக்கிய குதிரைகளை ஓராண்டில் உருவாக்க இயலவில்லை.

1812 டிசம்பர் 5 அன்று ஸ்மார்கோனில் படையை விட்டு ரகசியமாகக் கிளம்பிய நெப்போலியன், வழித்துணையாக அழைத்துச் சென்றது கோலாங்கூரைத்தான். டிசம்பர் 10 அன்று இருவரும் வார்சாவை அடைந்தார்கள். அதே நாளில் வில்னாவுக்கு மேற்கே, பொனாரி என்ற குன்றின் அடிவாரத்தில், எஞ்சிய படை நின்றுவிட்டது. குன்று உயரமானதல்ல. பாதை உறைந்திருந்தது, அவ்வளவுதான். இலாடம் பற்றாத குதிரைகளால் வண்டிகளை மேலே இழுக்க முடியவில்லை. மிஞ்சியிருந்த பீரங்கிகளும், பல லட்சம் ஃபிராங்க் தங்கமும் வெள்ளியும் கொண்ட கருவூல வண்டிகளும் அங்கேயே கைவிடப்பட்டன. பிரெஞ்சு வீரர்களும் துரத்தி வந்த கொசாக்குகளும் ஒருவரையொருவர் சுட மறந்து, ஒரே வண்டியிலிருந்து நாணயங்களை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.