கடையில்லா வணிகமும் வரியும்

காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே வயல்கள் சூழ அமைந்த ஊர் மாவடிப்பள்ளி. பெருநாள் நெருங்கினால் அவ்வூரார் புடைவை எடுக்கக் கல்முனைக் கடைத்தெருவுக்குச் செல்வது நெடுநாளைய வழக்கம். இன்றோ கைத்தொலைபேசியில் கட்டளையிட்டால் பொதி வாயிற்படிக்கே வந்துவிடுகிறது. கடையே கண்ணுக்குப் புலப்படாத இவ்வணிகத்தில் வரியைச் செலுத்துவோர் யார்? அதனை எங்கே தண்டுவது?

வணிக வரி தொன்றுதொட்டு இடத்தோடு பிணைந்தே வந்துள்ளது. காவிரிப்பூம்பட்டினத் துறையிலே பண்டங்களின்மீது புலி முத்திரை பொறித்துச் சுங்கம் கொண்ட காட்சியைப் பட்டினப்பாலை காட்டுகிறது. 1070 இல் அரியணை ஏறிய முதற் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் புகழ்பெற்றான். வரி நீக்கியமை ஒரு வேந்தனுக்குப் பட்டப்பெயராயிற்று என்றால், அச்சுமையின் கடுமை சொல்லாமலே விளங்கும்.

இலங்கையிலும் 1848 இல் தேசாதிபதி டொரிங்டன் பிரபு கடைகள், படகுகள், துப்பாக்கிகள், நாய்கள் ஆகியவற்றின்மீது வரி விதித்தார். மாத்தளையிலும் குருநாகலிலும் கிளர்ச்சி மூண்டது. அதனை அடக்கிய கொடுமை இங்கிலாந்துப் பாராளுமன்றம்வரை எட்டியது. 1850 இல் அவர் பதவி நீங்கித் தாயகம் திரும்பினார்.

1954 இல் பிரான்ஸ் நாடு பெறுமதி சேர் வரி என்னும் புதுமுறையைக் கைக்கொண்டது. இலங்கையில் அது 2002 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நடைமுறைக்கு வந்தது. 2024 சனவரியில் அதன் வீதம் நூற்றுக்குப் 18 ஆக உயர்ந்தது. ஆயிரம் ரூபாய்ப் பண்டத்துக்குப் பதிவு பெற்ற வணிகர் நூற்றெண்பது ரூபாயை வாங்குவோரிடம் பெற்று அரசுக்குச் செலுத்துவர். ஆக, தண்டுபவர் வணிகர், சுமப்பவர் வாங்குவோரே.

கடையில்லா வணிகம் இவ்வொழுங்கைக் குலைத்தது. மாநிலத்துள் கடையோ பணியாளரோ இல்லாத வணிகரை விற்பனை வரி திரட்டுமாறு பணிக்க இயலாதென அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967 இலும் 1992 இலும் தீர்ப்பளித்தது. அந்நிலையிலும் வாங்குவோருக்கு வரிக் கடன் இருந்தது. தாமாக முன்வந்து செலுத்தியோர் மிகச் சிலரே. உள்ளூர்க் கடைக்காரர் வரியோடு விற்க, தொலைவிலிருந்தவர் வரியின்றி விற்றார். 2018 இல் தென் டகோட்டா மாநில வழக்கில் அந்நீதிமன்றமே தன் பழைய தீர்ப்பை மாற்றியது.

கடல் கடந்து இலங்கைக்கு வரும் பொதி சுங்கத்தைக் கடந்தே தீரவேண்டும். ஆனால் திரைப்படமும் இசையும் மென்பொருளும் துறைமுகம் வழியே வருவன அல்ல; அவற்றின்மீது புலி முத்திரை பொறிக்க இயலாது. ஆகவே, வெளிநாட்டார் இணையவழி வழங்கும் சேவைகளையும் 2025 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இவ்வரியின் எல்லைக்குள் கொணர்ந்தது.

இதனால் வாங்குவோரின் செலவு கூடும் என்பது மெய்யே. எனினும், ஊரிலே கடை திறந்து நாலு பேருக்கு வேலை கொடுப்பவர் வரி தண்ட, ஊரையே காணாதவர் அதினின்று தப்புவது முறையாகாது. வரியின் அளவை மட்டுமன்று, அது எல்லாருக்கும் ஒத்து நிற்கிறதா என்பதையும் மக்கள் எடைபோடுவர். 1848 ஆம் ஆண்டின் பாடம் கடையில்லா வணிகத்துக்கும் பொருந்தும்.