சான்றும் சாட்சியும்: ஆர்.கே.பேட்டை இருளர்களின் எழுதப்படாத வம்சாவளி

'ஐம்பதுக்கு முன்னாடி உங்க பாட்டன் எந்த ஊரு? அதுக்கு என்ன ரெக்கார்டு வச்சிருக்கே?' பழங்குடிச் சான்றிதழ் கேட்டுப் போகிற இருளர் குடும்பம் எதுவும் ஏதோ ஒரு வடிவத்தில் இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் திரும்புவதில்லை. கேள்வி சாதாரணமாகத்தான் தோன்றும். ஆனால் ஆர்.கே.பேட்டைப் பக்கம் இதைக் கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு எதிர்க்கேள்வி கேட்க வேண்டியிருக்கும்: எந்த ராஜ்யத்து ரெக்கார்டு?

1910இல் இங்கே ஒரு ஏரிக்கரைக் குடிசையில் பிறந்து, 1997 வரை அதே இடத்தில் உயிரோடு இருந்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் பிறந்தது வட ஆர்க்காடு ஜில்லாவில். 1911இல் சித்தூர் ஜில்லா உண்டாக்கப்பட்டபோது சித்தூர்க்காரர் ஆனார். 1953 அக்டோபரில் ஆந்திர ராஜ்யத்துப் பிரஜை. 1956இல் ஆந்திரப் பிரதேசம். 1960 ஏப்ரல் 1 அன்று பொழுது விடிந்தபோது சென்னை ராஜ்யம், செங்கல்பட்டு ஜில்லா. 1969இல் ராஜ்யத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறியது. 1997இல் திருவள்ளூர் மாவட்டம். நெடுங்காலம் பள்ளிப்பட்டு வட்டத்தோடு இருந்த ஆர்.கே.பேட்டை இப்போது தனி வட்டம். இவ்வளவுக்கும் அந்த மனுசன் ஏரிக்கரையை விட்டு நகரவில்லை. அவருடைய பேரன் இன்று தாத்தாவைப் 'பூர்வீகமாக இந்த மாநிலத்தவர்' என்று நிரூபிக்க வேண்டும்.

வடக்கெல்லைப் போராட்டத்தின் வரலாறு நமக்குத் தெரியும். ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம், மங்கலங்கிழார், திருத்தணி விநாயகம், வேங்கடம் வரை கேட்டது, பட்டாஸ்கர் முன்வைத்த சமரசம், 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம், திருத்தணி கிடைத்தது, சத்தியவேடு பகுதி அந்தப் பக்கம் போனது. இந்த வரலாறு மொழியின் பெயரால் எழுதப்பட்டது. எழுதியவர்கள் தியாகம் செய்தவர்கள், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் எந்தத் தாலுகாவில் தமிழ் பேசுவோர் எத்தனை, தெலுங்கு பேசுவோர் எத்தனை என்று எண்ணப்பட்டதில், வீட்டிலே ஒரு பேச்சும் ரெட்டியார் தோப்பில் இன்னொரு பேச்சுமாக இருந்த இருளர் எந்தக் கணக்கில் சேர்ந்தார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எல்லை மாறியதன் விலையை அவர் இன்னமும் தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறார்.

விலை என்ன? 1911 முதல் 1960 வரை, சுமார் ஐம்பது வருஷத்துக்கான இப்பகுதியின் ஜில்லா நிர்வாகம் சித்தூரில் இருந்தது. 1950க்கு முந்திய தாள் வேண்டுமென்றால் அந்தக் காலத்துக் கட்டுக்குள்தான் கையை விட வேண்டும். எது இங்கே மாற்றி அனுப்பப்பட்டது, எது அங்கேயே செல்லரித்துக் கிடக்கிறது என்று தேடிப் போவது ஆராய்ச்சி மாணவருக்கே பெரும்பாடு. மாந்தோப்புக் காவலும் செங்கல் சூளையுமாகப் பிழைக்கிறவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு நகரி, சித்தூர் என்று அலைய முடியுமா?

சரி, போனார் என்றே வைத்துக்கொள்வோம். எதில் தேடுவது? அடங்கலிலும் பட்டாவிலும் நிலம் உள்ளவன் பேர்தான் இருக்கும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பள்ளிக்கூடம் போனவன் பேர்தான் இருக்கும். மிஞ்சுவது கிராம முன்சீப்பும் கர்ணமும் எழுதிய பிறப்பு இறப்புக் கணக்கு. ஊருக்கு வெளியே பெற்ற பிள்ளையை ஊருக்குள் வந்து பதிந்தால்தான் அதிலும் பேர் ஏறும். ஆர்.கே.பேட்டை தறிச் சத்தம் நிறைந்த ஊர். பக்கத்தில் அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை எல்லாம் அப்படித்தான். ஒரு நெசவாளிக் குடும்பம் தேடினால் சங்கத்து உறுப்பினர் அட்டையோ நூல் கடன் சீட்டோ பரணில் அகப்படலாம். வறுமை இருவருக்கும் உண்டு என்றாலும், இருளருக்குப் பரணே கிடையாது என்பதை மறக்கக் கூடாது. ஓலைக்கூரை ஒரு மழைக்குக் கரைந்தால் உள்ளே இருந்த தாளும் கரையும்.

பேர் அகப்பட்டாலும் சாதிப் பெயர் என்னவென்று எழுதியிருக்கும்? இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற இடம். எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் நீலகிரி இருளரையும் சமவெளி இருளரையும் தனித்தனியாகவே விவரிக்கிறார்கள். செங்கல்பட்டுப் பக்கத்து இருளருக்கு 'வில்லியர்' என்றும் பெயர் உண்டு என்று அதில் குறித்திருக்கிறது. இது ஒரே ஜனத்துக்கு ஊர் ஊராக வழங்கிய பெயர்கள். வில்லி என்று கணக்கில் எழுதியிருந்தால், 'பட்டியலில் வில்லி இல்லையே, இருளர் என்றல்லவா இருக்கிறது' என்று ஒரு குமாஸ்தா சொல்லிவிடலாம். தெலுங்குக் கர்ணம் ஒருவர், எலி பிடிப்பவர், ஏரிக்கரையில் இருப்பவர், எல்லாம் ஒன்றுதான் என்று 'யானாதி' என்று எழுதிப்போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். யானாதி ஆந்திரத்தில் பட்டியல் பழங்குடி. தமிழ்நாட்டுப் பட்டியலில் அந்தப் பெயரே கிடையாது. ஒரு கர்ணத்தின் அவசரம் மூன்று தலைமுறைக்குப் பிறகு ஒரு பெண்ணின் கல்லூரி இடத்தைத் தீர்மானிக்கிறது.

பெயர் என்பது எவ்வளவு தற்செயலான விஷயம் என்பதற்குப் புதுச்சேரியைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம். விழுப்புரத்தில் பழங்குடி என்று பட்டியலில் இருந்த இருளர், எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் கால் வைத்தால் பழங்குடி இல்லை. வில்லி, வேட்டைக்காரன் என்ற பெயர்களையும் சேர்த்து அங்கே இருளரைப் பட்டியலில் ஏற்றியது 2016 டிசம்பரில். அதுவரை அந்த ஒன்றியப் பகுதியில் பழங்குடிப் பட்டியலே இல்லை.

இனி சட்டம். 1950 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ஆணையாகப் பட்டியல் வந்தது. அதைத் தயாரித்தபோது ஒரு இருளரிடமும் யாரும் தாள் கேட்கவில்லை, இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். 1965இல் லோகூர் குழு பழங்குடிக்கு அடையாளங்கள் வகுத்தது: ஆதிப் பண்புகள், தனித்த கலாச்சாரம், ஒதுங்கிய வசிப்பிடம், வெளியாரிடம் கூச்சம், பின்தங்கிய நிலை. (ஆபீஸ் படியேறிச் சான்றிதழ் கேட்கிற கணத்திலேயே கூச்சம் போய்விட்டதே, அப்புறம் எப்படிப் பழங்குடி?) தமிழ்நாட்டில் 1989 நவம்பர் வரை தாசில்தார் கொடுத்து வந்த சான்றிதழை, அதன் பிறகு ஆர்.டி.ஓ. மட்டுமே கொடுக்கலாம் என்று ஆக்கினார்கள். 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆய்வுக் குழு, விழிப்புப் பிரிவு, மானுடவியல் விசாரணை என்று ஒரு முறையை வகுத்தது. அரசியல் சட்டம் வருவதற்கு முந்திய ஆவணத்துக்கே எடை அதிகம். 2023இல் மூன்று நீதிபதிகள் அமர்வு, பழக்கவழக்கச் சோதனையை இறுதி உரைகல்லாகக் கொள்ளக் கூடாது என்று தெளிவுபடுத்தியது. நல்ல தீர்ப்புதான். பழைய ஆவணம் உள்ளவருக்கு ரொம்ப நல்ல தீர்ப்பு. ஆவணமே இல்லாதவர் மறுபடியும் பழக்கவழக்கச் சோதனைக்குத்தான் போய் நிற்கிறார். பாம்பு பிடிக்கத் தெரியுமா, எலி வளை வெட்டத் தெரியுமா, கல்யாணத்தில் என்ன செய்வீர்கள் என்று கேள்வி. தெரியாது என்றால் இருளர் இல்லை. தெரியும் என்றால் பிள்ளையைப் படிக்கவைப்பது எதற்கு என்ற பார்வை.

போலிகள் இல்லையா என்று தோழர்கள் கேட்பார்கள். உண்டு. 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பெரும்பாலான பழங்குடிகளுக்கு இருந்த வட்டாரக் கட்டுப்பாட்டை நீக்கிய பிறகு, கொண்டா ரெட்டி, காட்டுநாயக்கன் போன்ற பெயர்களின் ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு சம்பந்தமில்லாதவர்கள் சான்றிதழ் வாங்கியதும், அந்த வழக்குகள் ஓய்வுபெறும் வயது வரை இழுபட்டதும் நடந்த கதைதான். நாக்பூரில் ஹல்பா கோஷ்டி நெசவாளர்கள் ஹல்பா பழங்குடி என்று கோரியதை 2000இல் மிலிந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பட்டியலில் உள்ள சொல்லுக்கு அப்பால் போக நீதிமன்றத்துக்கே அதிகாரமில்லை என்றது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: காகிதத்தைத் தயாரிக்கக்கூடியவர் யார்? பள்ளிக்கூடமும் பத்திரமும் குமாஸ்தாப் பழக்கமும் உள்ளவர்தானே. சோதனையைக் காகிதத்தின் மேல் வைக்க வைக்க, அது போலிக்கு வசதியாகவும் அசலுக்குக் கஷ்டமாகவும் ஆகிறது. போலியைத் தடுக்கக் கட்டிய வேலியில் மாட்டிக்கொண்டு நிற்பது இருளர்.

முன்னோர் பெயரைத் தாளில் காட்டு என்ற இதே நிபந்தனை உலகத்தின் இன்னொரு மூலையிலும் உண்டு. அமெரிக்காவில் செரோக்கி தேசத்தின் உறுப்பினராக வேண்டுமானால், டாஸ் பட்டியல் என்கிற பழைய பதிவேட்டில் உள்ள ஒருவரின் நேர் வாரிசு என்று பிறப்புச் சான்றுகளைச் சங்கிலியாகக் கோத்துக் காட்ட வேண்டும். எங்கள் பாட்டி செரோக்கி என்ற குடும்பக் கதை அங்கே செல்லாது. 1893இல் நியமிக்கப்பட்ட டாஸ் ஆணையம் 1898 முதல் 1906 வரை பெரும்பாலான பெயர்களை எழுதியது. எதற்காக? பழங்குடிகளின் பொது நிலத்தைத் தனித்தனித் துண்டாக உடைக்க. அதை எதிர்த்த கீட்டூவா மரபினர், ரெட்பேர்ட் ஸ்மித் தலைமையில், பெயர் கொடுக்க மறுத்தார்கள். மிகவும் செரோக்கியாக இருந்தவர்களே பட்டியலுக்கு வெளியே நின்றார்கள் என்பது எவ்வளவு பெரிய நகைமுரண்! செரோக்கிகளிடம் அடிமைகளாக இருந்து 1866 உடன்படிக்கையில் குடியுரிமை பெற்ற கறுப்பர்களை ஆணையம் தனிப் பட்டியலில் எழுதியது. கலப்புக் குடும்பத்தவரையும் தோற்றத்தைப் பார்த்து அதிலேயே தள்ளியது. நூறு வருஷம் கழித்து, 2007இல், அந்தப் பட்டியலைக் காட்டியே அவர்களை விலக்க வாக்கெடுப்பு நடந்தது. 2017இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்கள் உரிமையை உறுதி செய்தது. 2021இல் செரோக்கி தேசத்தின் உச்ச நீதிமன்றம் 'இரத்தத்தால்' என்ற சொல்லையே தங்கள் சட்டத்திலிருந்து நீக்கியது.

நிலத்தைப் பிடுங்க எழுதிய பட்டியல் பிற்காலத்தில் இரத்தத்துக்குச் சாட்சியாகிறது. நம் கதையோடு இது ஒத்துப்போகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அங்கே யார் செரோக்கி என்று கடைசியில் தீர்மானிப்பது, தவறாகவோ சரியாகவோ, செரோக்கிகளின் அரசாங்கம். இங்கே யார் இருளர் என்று சொல்வதில் இருளருக்கு எந்த இடமும் இல்லை. வி.ஏ.ஓ. எழுதுவார், தாசில்தார் பரிந்துரைப்பார், ஆர்.டி.ஓ. முடிவு செய்வார். பக்கத்துக் குடிசைக்காரர் 'இவன் என் சித்தப்பன் பேரன்தான் சார்' என்று சொன்னால் அது சாட்சி, சான்று ஆகாது.

அந்தச் சாட்சி அவ்வளவு லேசானதா? ஒவ்வொரு மாசி மகத்துக்கும் இருளர்கள் பல மாவட்டங்களிலிருந்து மாமல்லபுரம் கடற்கரைக்கு வருகிறார்கள். மணலில் கூடாரம் போட்டு இரவு தங்கி, கன்னியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே பெண் பேசி, கல்யாணமும் முடிக்கிறார்கள். ஒருவன் பெண் கேட்டு வந்தால் முதலில் விசாரிப்பது, நீ யார் பிள்ளை, உன் பாட்டன் எந்த ஏரிக்கரை, உன் அத்தையை எங்கே கொடுத்தார்கள் என்பதைத்தான். முறை தப்பிவிடக் கூடாதே. இந்த விசாரணையின் கறார்த்தனம் எந்த விழிப்புப் பிரிவுக்கும் குறைந்ததல்ல. இங்கே பொய் சொன்னால் மறுநாள் ஒரு கிழவி கண்டுபிடித்துவிடுவாள்.

பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் திண்டிவனம் பக்கம் சான்றிதழுக்காக நடத்திய நெடிய போராட்டம் நாம் அறிந்ததே. வடக்கே திருவள்ளூர்ப் பகுதியில் இன்னொரு விசித்திரம். அரிசி ஆலைகளிலும் சூளைகளிலும் கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களுக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு விடுதலைச் சான்று தரப்படும். தகப்பன், தாய், பிள்ளைகள் பெயர் வரிசையாக, அரசாங்க முத்திரையோடு. சில குடும்பங்களுக்கு, எல்லாருடைய பெயரும் ஒன்றாக எழுதப்பட்ட முதல் தாள் அதுவாகத்தான் இருக்கும். முன்பணம் எழுதிய முதலாளியின் நோட்டை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

எழுத்தாளர்களும் களப்பணித் தோழர்களும் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. மாசி மகத்து மணலில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, நாலு தலைமுறைப் பெயர்களை ஒரு குடும்பத்திடம் கேட்டு எழுதி, அதே பெயர்களை அவர்களுக்குப் பெண் கொடுத்த வேறொரு குடும்பத்திடம் தனியாகக் கேட்டு ஒத்துப்பார்ப்பது. தேதி, இடம், கைநாட்டு எல்லாம் வாங்கி, விசாரணையின்போது மனுவோடு இணைப்பது. ஏற்பார்களா என்பது வேறு விஷயம். மறுத்தால் மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்கலாம், அந்தக் காரணத்தோடு உயர் நீதிமன்றம் போகலாம். ஆர்.கே.பேட்டைக்காரர்களின் பெயர்களை எழுதும்போது ஒரு பத்தி கூடுதலாக விட வேண்டியிருக்கும். அவர்கள் பெண் கொடுத்ததும் எடுத்ததும் நகரிப் பக்கமும் சத்தியவேட்டுப் பக்கமும் கிடக்கிறது.