வெறுங்காலோடு ஆடிய சலீமும் நம் பிள்ளைகளின் ஜேர்சியும்



அஸர் தொழுகைக்குப் பிறகு உப்புவெளிக் கடற்கரையில் பந்து உதைக்கும் நம் பிள்ளைகளைப் பாருங்கள். பாதிப்பேர் ஏதாவதொரு வெளிநாட்டுக் கழகத்தின் ஜேர்சியோடுதான் நிற்பார்கள். முதுகில் சலாஹ், மெஸ்ஸி, ரொனால்டோ. நெஞ்சில் ஒரு கம்பனியின் பெயர். முதுகில் இருப்பவரைப் பற்றிக் கேட்டால் பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் பேசுவார்கள். நெஞ்சில் இருப்பது என்ன கம்பனி என்று கேட்டால் முழிப்பார்கள். அவற்றில் சில, பந்தயம் பிடிக்கும் கம்பனிகள்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் பகுதியிலுள்ள இளைஞர் கழகம் ஒன்றுக்கு, வரும் சுற்றுப்போட்டிக்காக முழு அணிக்கும் ஜேர்சி அடித்துத் தருவதாகக் கைபேசியில் பந்தயம் நடத்தும் ஒரு நிறுவனம் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறது. கழகத்துத் தம்பிமார் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். "உலகத்துப் பெரிய ஆட்டக்காரர்களே போடுகிறார்கள்தானே, நாம் போட்டால் என்ன?" என்பது ஒரு பக்கத்தின் கேள்வி. நியாயமான கேள்விதான். பதில் சொல்ல முதல், ஆட்டக்காரரின் பெயரும் உடுப்பும் எப்படி விலைக்கு வந்தன என்ற வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

நமக்குப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். கல்கத்தாவின் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து வருடம் கல்கத்தா லீக்கை வென்றது. அதற்கு முன் எந்த இந்தியக் கழகமும் அந்த லீக்கை வென்றதில்லை. அந்த அணியில் ஆடியவர் முஹம்மத் சலீம். 1936இல், ஸ்கொட்லாந்தில் வாழ்ந்த உறவினர் ஒருவரின் தூண்டுதலால் கப்பலேறி கிளாஸ்கோ போனார். அங்கே செல்டிக் கழகத்தில் ஆடிக் காட்ட இடம் கேட்டார்கள். ஒரேயொரு சிக்கல்: சலீம் பூட்ஸ் போட மாட்டார். வெறுங்காலில், துணி சுற்றிக்கொண்டுதான் ஆடுவார். அவருடைய காலுக்குக் கட்டுப் போடும் படம் இன்றும் இருக்கிறது.

1936 ஓகஸ்ட் 28இல் கோல்ஸ்டன் அணிக்கு எதிராக செல்டிக் 7–1 என்று வென்றது. மறுநாள் பத்திரிகை அவரை இந்திய வித்தைக்காரர் என்று எழுதியது. ஆனால் சலீமுக்கு ஊர் நினைவு தாங்கவில்லை, திரும்பிப் போக விரும்பினார். அவரைப் போகவிடாமல் வைத்துக்கொள்ள, ஒரு நன்கொடை ஆட்டம் நடத்தி வசூலில் 5 சதவீதம் தருவதாகக் கழகம் சொன்னது. ஆட்டம் பார்க்க வரவிருந்த யதீம் பிள்ளைகளுக்கே அந்தப் பங்கைக் கொடுத்துவிடும்படி சொல்லிவிட்டார் சலீம். அந்தப் பங்கு 1,800 பவுண் என்பது அவருடைய குடும்பத்தார் சொல்லி வந்த கணக்கு. அந்தக் காலத்தில் இங்கிலாந்து லீக்கில் ஒரு ஆட்டக்காரருக்குக் கொடுக்கக்கூடிய உச்சச் சம்பளமே வாரம் 8 பவுண்தான். அப்படிப் பார்த்தால் நான்கு வருடச் சம்பளத்துக்கும் மேல்.

சம்பளத்துக்கு இப்படி உச்சவரம்பு இருந்ததால், பெயர் பெற்ற ஆட்டக்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள். நம் வாப்பாமார் தலைக்குப் பூசிய பிரில்கிரீம் ஞாபகம் இருக்கிறதா? 1940களின் கடைசியில் அந்த விளம்பரங்களில் சிரித்தவர் டெனிஸ் கொம்ப்டன். இங்கிலாந்துக்குக் கிரிக்கெட், ஆர்சனலுக்கு உதைபந்தாட்டம். பந்தோடு ஒரு சம்பந்தமும் இல்லாத தலை கிரீமுக்கு அவருடைய முகம் காசு கொண்டுவந்தது. 1961இல் உச்சவரம்பு நீக்கப்பட்டபோது அது வாரம் 20 பவுணாக இருந்தது. உடனேயே ஃபுல்ஹாம் கழகம் ஜொனி ஹெய்ன்ஸுக்கு 100 பவுண் கொடுத்தது.

அடுத்தது பூட்ஸ். 1970 மெக்சிக்கோ உலகக் கிண்ணத்தில் பெரு அணியுடனான காலிறுதி தொடங்கும் நேரத்தில், பேலே குனிந்து லேஸ் கட்டினார். கமரா அவர் காலுக்குப் போனது. காலில் இருந்தது பூமா. அது தற்செயலாக நடந்ததல்ல, கம்பனியோடு பேசி வைத்த வேலை. அடுத்த மூன்று வருடத்தில் சட்டையின் நெஞ்சும் விலைபோனது. 1973இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் கழகம் ஒரு மதுபானக் கம்பனியின் மான் தலைச் சின்னத்தையே தன் சின்னமாக மாற்றிக்கொண்டு ஆடியது. பெரிய கழகங்களின் சட்டையில் விளம்பரம் வந்த கதையின் தொடக்கத்திலேயே மது இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பொதுவாகச் சட்டையின் நெஞ்சு கழகத்துக்குச் சொந்தம், அந்த விளம்பரக் காசு கழகத்துக்குப் போகும். காலிலுள்ள பூட்ஸ் ஆட்டக்காரருடைய சொந்த ஒப்பந்தம். அவருடைய முகத்தையும் பெயரையும் பயன்படுத்தும் உரிமை இன்னொரு கணக்கு. 'போர்ப்ஸ்' சஞ்சிகையின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில் மெஸ்ஸியின் வருமானம் 13 கோடி டொலர். அதில் சரிபாதி மைதானத்துக்கு வெளியிலிருந்து, விளம்பரத்தாலும் வியாபாரத்தாலும் வந்தது.

முகத்தின் உரிமைக்காக நம் பிள்ளைகளின் சலாஹ் தன் நாட்டுச் சங்கத்தோடேயே முரண்பட்டார். 2018இல் எகிப்து அணியின் விமானத்தில் அவருடைய பெரிய படத்தை, அணிக்கு அனுசரணை வழங்கிய தொலைபேசிக் கம்பனியின் பெயரோடு ஒட்டினார்கள். அவருக்கோ போட்டிக் கம்பனியான வோடஃபோனுடன் ஒப்பந்தம். தன்னைக் கேளாமல் தன் முகத்தைப் பயன்படுத்தியதை அவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். கடைசியில் படம் அகற்றப்பட்டது.

அப்படியென்றால் கழகத்தின் சட்டையைப் போடும் ஆட்டக்காரருக்கு அந்த நெஞ்சில் ஒரு சொல்லும் இல்லையா? இருக்கிறது. மாலி நாட்டின் ஃபிரெடெரிக் கனூட்டே இஸ்லாத்தைத் தழுவியவர். 2006இல் ஸ்பெயினின் செவில்லா கழகத்தின் சட்டையில் ஒரு இணையச் சூதாட்டக் கம்பனியின் பெயர் வந்தபோது, அதைக் காட்டி ஆட மறுத்தார். பெயரை மறைத்துக்கொண்டு இறங்கினார். கழகம் அவருக்கு விட்டுக்கொடுத்தது, அவரும் கோல் அடித்துக்கொண்டே இருந்தார். அடுத்த வருடம் செவில்லா நகரில் வாடகை இடத்தில் இயங்கிய பள்ளிவாசல் விற்பனைக்குப் போகவிருந்தபோது, ஐந்து லட்சம் யூரோவுக்கு மேல் கொடுத்து அந்த இடத்தை வாங்கியவரும் அவர்தான்.

எல்லோராலும் அப்படி நிற்க முடிவதில்லை. 2013இல் நியூகாசல் அணியின் பாபிஸ் சிஸ்ஸே, வட்டிக்குக் கடன் கொடுக்கும் கம்பனியின் பெயரைப் போட முதலில் மறுத்தார், பிறகு போட்டுக்கொண்டார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கோடிக்கணக்கில் சம்பாதிப்பவருக்கே அது எவ்வளவு கடினம் என்பதற்காகச் சொல்கிறோம்.

ஆகவே தம்பிமாரே, பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் போட்டார்கள் என்பது வரலாறு அல்ல. மறுத்தவர்களும் இருந்தார்கள். மறுத்ததால் அவர்கள் ஆட்டத்தில் குறைந்துவிடவும் இல்லை. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கழகங்களே 2025–26 பருவத்தின் முடிவோடு சட்டையின் நெஞ்சிலிருந்து சூதாட்டக் கம்பனிகளை எடுத்துவிட 2023 ஏப்ரலில் இணங்கின. கைப்பகுதியிலும் மைதானப் பலகையிலும் அவை இருக்கலாம் என்றுதான் விட்டிருக்கிறார்கள். என்றாலும் பிள்ளைகள் பார்க்கும் இடம் நெஞ்சு என்பது அவர்களுக்கே விளங்கிவிட்டது. நமக்கோ சூரா அல்மாயிதாவின் 90ஆம் வசனம் மதுவையும் சூதையும் சேர்த்தே தடுத்திருக்கிறது.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவது லேசு. பிள்ளைகளுக்கு ஜேர்சி வேண்டும், பந்து வேண்டும், போக்குவரத்துக்குக் காசு வேண்டும். நாம் கொடுக்காத இடத்துக்குத்தான் அந்த நிறுவனம் வந்தது. கடை வைத்திருப்பவர்களும், படகு வைத்திருப்பவர்களும், கட்டாரில் உழைக்கும் நம் பிள்ளைகளும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் இருபது ஜேர்சி ஒரு பெரிய விஷயமல்ல. நெஞ்சில் நம் ஊரின் பெயரை அடிப்போம்.

சலீமின் கதையில் ஒன்று மிச்சம் இருக்கிறது. முதுமையில் அவர் நோயுற்றிருந்தபோது, மருத்துவத்துக்கு உதவி தேவை என்று மகன் செல்டிக் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். தந்தையை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்களா என்று அறியத்தான் எழுதியதாகப் பின்னாளில் சொன்னார். 100 பவுணுக்கு ஒரு வங்கி உண்டியல் வந்தது. குடும்பம் அதைக் காசாக்கவில்லை, பத்திரமாக வைத்துக்கொண்டது. சலீம் 1980இல் மறைந்தார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக.

ஜேர்சிக்குப் பங்களிக்க விரும்புகிறவர்கள் ஜும்ஆவுக்குப் பிறகு கழகத்துத் தம்பிமாரைச் சந்தியுங்கள்.