ரோமத்தோல் ஆடைகள்: தொழுகை கூடுமா என்பதோடு கேள்வி முடிந்துவிடுமா?

குளிர் நாடுகளில் பணிபுரியும் நம் பிள்ளைகள் வாங்கும் மேலங்கிகளில் தலைமூடியைச் சுற்றி ரோமம் வைத்துத் தைத்திருப்பதைப் பார்த்திருப்போம். அது செயற்கை இழையாகவும் இருக்கலாம், பண்ணையில் வளர்த்த நரியின் தோலாகவும் இருக்கலாம். "இதை அணிந்து தொழலாமா?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அவசியமான கேள்விதான். ஆனால் அந்தத் தோல் எந்த வழியில் நம் தோளுக்கு வந்தது என்றும் ஒரு முஸ்லிம் கேட்டாக வேண்டும்.

திருக்குர்ஆன் நினைவூட்டும் அருட்கொடை

கால்நடைகளில் நமக்குக் கதகதப்பும் பல பயன்களும் இருப்பதாக அந்நஹ்ல் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் கூறுகிறது. அதே அத்தியாயத்தின் 80ஆம் வசனம் தோல், கம்பளி, ரோமம், முடி ஆகியவற்றை அல்லாஹ் தந்த அருட்கொடைகளாக எண்ணிக் காட்டுகிறது. எனவே பிராணிகளின் தோலையும் ரோமத்தையும் பயன்படுத்துவதே பாவம் என்று நாம் சொல்ல முடியாது.

அதே குர்ஆன்தான், பூமியில் ஊர்வனவும் சிறகடித்துப் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனத்தில் உணர்த்துகிறது. பயன்பெற அனுமதி உண்டு. அந்த உயிரின் உரிமையைப் பறிக்க அனுமதி இல்லை.

கூண்டுக்குள் நடப்பது

ரோமத்துக்காக அதிகம் வளர்க்கப்படுவது மிங்க் என்ற சிறு பிராணி. நீர்நிலைகளின் ஓரத்தில் தனித்து வாழ்வதும் நீந்தி இரை தேடுவதும் அதன் இயல்பு. பண்ணையிலோ சுமார் ஒரு அடி அகலமும் மூன்று அடி நீளமும் உள்ள கம்பிக்கூண்டுதான் அதன் உலகம். அதற்குள் ஓயாமல் முன்னும் பின்னும் அலைவதும், தன் வாலையே கடித்துக்கொள்வதும் இப்பண்ணைகளில் காணப்படும் நிலை. ரோமம் செழித்து வளர்ந்த பருவத்தில், தோலில் கீறல் விழக் கூடாது என்பதற்காக மிங்க்கை வாயு செலுத்தியும் நரியை மின்சாரம் பாய்ச்சியும் கொல்கிறார்கள். ஒரு நீண்ட மேலங்கிக்கு 50க்கும் மேற்பட்ட மிங்க்குகளின் தோல் தேவைப்படும்.

2020 நவம்பரில் டென்மார்க்கில் மிங்க்குகளிடையே கொரோனா பரவியபோது, நாட்டிலுள்ள எல்லா மிங்க்குகளையும் கொல்ல அரசு உத்தரவிட்டது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டவை இருந்தன. அவசரமாகப் புதைத்த உடல்கள் மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வர, பிறகு அவற்றைத் தோண்டியெடுத்து எரிக்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்து 2000ஆம் ஆண்டிலேயே இப்பண்ணைகளைத் தடை செய்யச் சட்டம் இயற்றியது. நெதர்லாந்தும் கொரோனாவுக்குப் பின் அவற்றை மூடிவிட்டது. மிங்க், நரி, சின்சில்லா ரோமத்தோல்களின் இறக்குமதியை இந்திய அரசு 2017 ஜனவரியில் தடை செய்தது.

நம் தலையில் இருந்த தொப்பி

இது பிற சமூகத்தாரின் ஆடம்பரம் மட்டும் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 'ஜின்னா தொப்பி' என்று நாம் அறிந்த கரகுல் தொப்பி, புகாரா பகுதி ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கிய செம்மறி இனத்தின் குட்டித்தோலால் ஆனது. நாளாக ஆக ரோமத்தின் சுருள் விரிந்துவிடும் என்பதால், பிறந்த சில நாட்களுக்குள்ளேயே குட்டியை அறுத்துவிடுகிறார்கள். பிறக்காத குட்டியின் தோலுக்கும் சந்தையில் தனி மதிப்பு உண்டு.

செம்மறி ஹலாலான பிராணி. பிஸ்மில்லாஹ் கூறி அறுத்திருந்தால் தோல் தூய்மையானதுதான். ஆயினும் தாயின் பால்கூடச் சரியாகக் குடிக்காத குட்டியை ஒரு தொப்பியின் அழகுக்காக அறுப்பது மனதை உறுத்த வேண்டாமா?

நபிமொழிகளின் வழிகாட்டல்

பூனையை உண்ணவும் விடாமல், தானே இரை தேடவும் விடாமல் அடைத்து வைத்துச் சாகடித்த பெண் நரகம் புகுந்ததை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ளது. அறுக்கும்போதும் அழகிய முறையைப் பேணி, கத்தியைத் தீட்டி, பிராணிக்கு வேதனையைக் குறைக்கச் சொன்னதை முஸ்லிமில் காண்கிறோம். சிட்டுக்குருவியைக் கூட அதன் உரிமையின்றிக் கொன்றவர் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும்; அறுத்து உண்பதே அதன் உரிமை, தலையைத் துண்டித்து எறிவதல்ல என்ற கருத்து நஸயீயில் பதிவாகியுள்ளது. கொடிய வேட்டைப் பிராணிகளின் தோலைப் பயன்படுத்துவதற்கான தடையை அபூதாவூத், திர்மிதீ அறிவிக்கின்றன.

மத்ஹபுகளின் நிலை

எந்தப் பிராணி உண்ணத்தக்கது என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வாயுவாலோ மின்சாரத்தாலோ கொல்லப்பட்டது எதுவாயினும், அது அறுக்கப்பட்டதல்ல, செத்த பிராணியே.

ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி, பதனிட்டால் தோல் தூய்மையாகும்; அதன் மேலுள்ள ரோமம் தூய்மையாகாது. எனவே அத்தகைய ஆடையுடன் தொழுவது கூடாது. ஹனஃபி மத்ஹபில் பன்றி நீங்கலாக மற்றவற்றின் தோல் பதனிட்டால் தூய்மையாகும், ரோமமும் தூய்மையானதே. உண்ணக்கூடாத பிராணியைத் தோலுக்காக மட்டும் அறுப்பதை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அனுமதித்தார்கள். ஷாஃபிஈ அறிஞர்கள் கூடாது என்றார்கள். ஆனால் அன்று பேசப்பட்டது அறுப்பதைப் பற்றி. வாழ்நாள் முழுவதும் கூண்டில் அடைத்து வதைக்க எந்த இமாமும் அனுமதி தரவில்லை.

ஆம்பூரும் வாணியம்பாடியும்

"அப்படியானால் நம் தோல் தொழில்?" என்று சிலர் கேட்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் நம் சமுதாயக் குடும்பங்கள் பல இத்தொழிலால் வாழ்கின்றன. அங்கு வரும் ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் பெரும்பாலும் இறைச்சிக்காக அறுக்கப்பட்டவற்றின் மிச்சம். செத்துக் கிடந்த ஆட்டைக் கண்டபோது, அதன் தோலையாவது பயன்படுத்தியிருக்கலாமே என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக வரும் ஹதீஸுக்கு இது நெருக்கமானது. வீணாகப் போவதைப் பயனாக்குவது வேறு, தோலுக்காகவே உயிரை உண்டாக்கி வதைத்து அழிப்பது வேறு. ஆனாலும் சந்தையிலிருந்து லாரியில் நெருக்கி ஏற்றி, தண்ணீர் காட்டாமல் கொண்டுவரப்படும் மாடுகளைப் பற்றியும் நாம் பேசத்தான் வேண்டும். பிறரைக் குறை சொல்லும் முன் அது நம் கடமை.

நாம் செய்ய வேண்டியது

மேலங்கி வாங்கும்போது சீட்டைப் படிப்போம். செயற்கை இழை, பஞ்சு, வெட்டியெடுத்த கம்பளி என எத்தனையோ மாற்றுகள் உள்ளன. வேறு வழியில்லாத கடுங்குளிரில் உயிரைக் காக்க அணிவது வேறு. அந்தஸ்தைக் காட்ட அணிவது வேறு. வீட்டில் ஏற்கெனவே இருப்பதைத் தூக்கி எறிவதால் அந்த உயிர் மீளாது. அவரவர் மத்ஹபின் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்து, இனி வாங்காமல் இருப்போம்.

பிள்ளைகள் காரணம் கேட்டால், பேசத் தெரியாத ஓர் உயிருக்காகவும் மறுமையில் விசாரணை உண்டு என்று சொல்லிக்கொடுப்போம். வாயற்ற ஜீவன்களிடம் இரக்கம் காட்டும் மக்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.