மனைகளும் மாந்தரும்

அரபு மொழியின் பழம்பெரும் கவிஞர்கள் தம் கஸீதாக்களைப் பெரும்பாலும் ஒரே விதமாகத் தொடங்கினர். காதலியின் குலத்தார் கூடாரம் பெயர்த்துச் சென்றுவிட்ட இடத்தில் நின்று, எஞ்சிய சுவடுகளைக் கண்டு கலங்குவர். 'அத்லால்' எனப்படும் அச்சுவடுகள் கரிபடிந்த அடுப்புக் கற்கள் போன்றவையே. அக்கற்களுக்காகவா கவிஞன் அழுதான்? அங்கு வாழ்ந்தோரை எண்ணியன்றோ அழுதான்! ஊர்களின் பழமையைக் காக்க முனைவோர் மறக்கலாகாத உண்மை இது. அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்திலுள்ள சவானா நகரின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

1733-இல் ஜேம்ஸ் ஓகிள்தோர்ப் அந்நகருக்குக் கால்கோள் செய்தார். நடுவே ஒரு சதுக்கம். அதன் வடக்கிலும் தெற்கிலுமாக 40 வீட்டு மனைகள். கிழக்கிலும் மேற்கிலும் பொதுக் கட்டடங்களுக்குரிய நிலம். இவ்வாறு அமைந்தது ஒரு வட்டாரம். ஊர் வளர வளர இவ்வமைப்பே பெருகி, 1851-க்குள் 24 சதுக்கங்கள் உண்டாயின.

1954-இல் எல்லிஸ் சதுக்கத்திலிருந்த பழைய அங்காடியை இடித்துவிட்டுக் கார்கள் நிறுத்தும் மாடிக் கட்டடத்தை எழுப்பினர். மறு ஆண்டே, 1820-இல் கட்டப்பட்ட டேவன்போர்ட் இல்லத்திற்கும் ஆபத்து வந்தது. ஏழு பெண்மணிகள் ஒன்றுகூடிப் பொருள் திரட்டி, 22,500 டாலருக்கு அதனை வாங்கிக் காத்தனர். அவர்கள் தோற்றுவித்த அறக்கட்டளை கைக்கொண்ட முறை எளிது. இடிபடவிருக்கும் வீட்டை வாங்குவர். இடிக்கலாகாது, செப்பனிட்டே ஆக வேண்டும் என்னும் நிபந்தனையோடு விற்பர். வந்த பணத்தைக் கொண்டு அடுத்த வீட்டை வாங்குவர். இவ்வாறு நூற்றுக்கணக்கான கட்டடங்கள் உயிர் பிழைத்தன. 1966-இல் பழைய நகர் தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. 2010-இல் எல்லிஸ் சதுக்கமும் மீண்டும் திறக்கப்பட்டது.

இவை போற்றத்தக்க செயல்களே. ஆயின், அதே காலத்தில் நகரின் மேற்கே நிகழ்ந்தது என்ன? அங்கு வெஸ்ட் பிராட் வீதி கறுப்பின மக்களின் வணிகத்திற்கு நிலைக்களனாக விளங்கியது. 1963-இல் நெடுஞ்சாலைக்கு வழிவிட, அவ்வீதியிலிருந்த யூனியன் ரயில் நிலையம் இடிக்கப்பட்டது. சுற்றியிருந்த வீடுகளும் கடைகளும் உடன் அழிந்தன. ஒரு தெரு வரலாறெனக் காக்கப்பட, மற்றொரு தெரு வெற்று நிலமெனக் கருதப்பட்டது.

காக்கப்பட்ட பகுதிகளிலும் ஒரு சிக்கல் எழுந்தது. வீடு செப்பமுற்றால் விலை ஏறும். விலை ஏறினால் ஏழைக் குடியினர் வெளியேற நேரும். வீடுகளை மீட்பதில் முன்னின்ற லியோபோல்டு ஆட்லரே இதனை உணர்ந்தார். விக்டோரியா வட்டாரத்தில் வீடுகளைப் புதுப்பித்து, அங்குள்ள எளியோருக்குத் தாங்கக்கூடிய வாடகையில் அளிக்க 1974-இல் தனியொரு திட்டம் தொடங்கினார்.

மறக்கப்பட்ட தெருக்களின் நினைவைக் காக்க எழுந்தவர் டபிள்யூ. டபிள்யூ. லா. தபால்காரராய்ப் பணிபுரிந்த அவர், குடியுரிமைப் போராட்டத்திலும் நகருக்குத் தலைமை தாங்கியவர். கறுப்பின மக்களின் வரலாற்றைக் கூறும் கிங்-டிஸ்டெல் குடில் 1981-இல் அருங்காட்சியகமானது அவர் முயற்சியால்தான். 1996-இல் திறந்த குடியுரிமை அருங்காட்சியகத்தையும் பழைய வெஸ்ட் பிராட் வீதியிலேயே அமைத்தார். ஒரு காலத்தில் கறுப்பின மக்கள் நடத்திய வங்கியின் கட்டடம் அது.

ஆசிரியத் தொழில் புரியும் நம் உள்ளத்தைத் தொடுவது மற்றொன்று. அடிமைகளுக்கு எழுத்தறிவித்தல் குற்றமாயிருந்த நாளில், சூசி கிங் டெய்லர் என்னும் சிறுமி, காவலர் கண்ணில் படாதிருக்கப் புத்தகங்களைத் தாளில் சுற்றிக்கொண்டு சவானாவின் மறைவுப் பள்ளிக்குச் சென்றாள். பின்னர் விடுதலை பெற்றோருக்கு ஆசிரியையானாள். அடிமை முறையை ஆதரித்த கால்ஹூனின் பெயர் தாங்கிய சதுக்கத்திற்கு 2023-இல் நகரமன்றம் அவள் பெயரைச் சூட்டியது.

அரபியில் 'உம்ரான்' என்னும் சொல் குடியிருப்பையும் நாகரிகத்தையும் ஒருசேரக் குறிக்கும். இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் மனித சமுதாய வாழ்வு முழுமைக்கும் இச்சொல்லையே ஆண்டார். குடியிருப்போர் நீங்கிய ஊர், சுவர்கள் எத்துணை அழகாயினும், உம்ரான் ஆகாது. ஆதலின், பழைய தெருவொன்றைக் காக்கப் புறப்படுவோர் கல்லையும் மரத்தையும் கணக்கெடுக்குமுன், அத்தெருவில் வாழ்வோரின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்வார்களாக!