தறி யார் கையில்?

களியக்காவிளையில் காலை பஸ் ஏறி திருவனந்தபுரத்துக்கு ஐடி வேலைக்குப் போகிறவர்களிடம் கேட்டுப்பாருங்கள், அலுப்போடு ஒரு பதில் வரும்: “நம்ம கையில என்ன இருக்கு?”

1966-இல் ஜூலியன் ராட்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த வாக்கியத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் செய்தார். நடப்பதற்குத் தானே காரணம் என்று நம்புகிறவர் ஒருபக்கம், எல்லாம் தலையெழுத்து என்கிறவர் மறுபக்கம். பின்னால் வந்த ஆய்வுகளில் முதல்வகையினருக்கு வேலையில் திருப்தி அதிகம் என்று தெரிந்தது. உடனே கம்பெனிகள் அதை ஆளின் குணமாக்கிவிட்டன. மனசை மாத்திக்கோ, எல்லாம் சரியாகும்!

ஆனால் அதற்கு முன்பே, 1953-இல், அகமதாபாத் காலிகோ மில்லில் வேறொன்று நடந்திருந்தது. புதிய தானியங்கித் தறிகள் வந்தும் உற்பத்தி ஏறவில்லை. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே.ரைஸ் போய்ப் பார்த்தார். 224 தறிகள், 29 ஆட்கள், 12 விதமான வேலைகள். நூல் முடிய ஒருவர், தார் நிரப்ப ஒருவர், எண்ணெய் விட ஒருவர். ஒரு தறி முழுதுக்கும் பொறுப்பு என்று யாருமில்லை. சிறுகுழு ஒன்று சில தறிகளை முழுசாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார் ரைஸ். யார் யாரோடு சேர்வது என்பதைத் தொழிலாளர்களே பேசி முடித்தார்கள். 80 சதவீத அளவில் இருந்த திறன் 95-ஐத் தொட்டது. பழுதான துணியும் குறைந்தது. ஆட்கள் அதே ஆட்கள்தான். குணம் மாறவில்லை, ஏற்பாடு மாறியது.

ஆனால் அது நிர்வாகம் கொடுத்த அதிகாரம். 1970-இல் எரிக் மில்லர் திரும்பப் போனபோது ஒரு கூடத்தில் குழுமுறை அப்படியே இருந்தது, மற்ற இடங்களில் தேய்ந்திருந்தது. கொடுத்த கை எப்போது வேண்டுமானாலும் மடங்கலாம்.

அதே 1950களில் காப்பி போர்டு தன் காப்பிக்கடைகளை மூட முடிவெடுத்தது. வேலை போன பரிமாறுகிறவர்களிடம், நீங்களே நடத்துங்கள் என்றார் ஏ.கே.கோபாலன். 1958-இல் திருச்சூரில் தொழிலாளர் கூட்டுறவின் இந்தியன் காப்பி ஹவுஸ் திறந்தது. விசிறித் தலைப்பாகை அதேதான், அதைக் கட்டியிருந்தவர் இப்போது உறுப்பினர். லாரி பேக்கர் சுருளாகக் கட்டிய தம்பானூர் கடை, களியக்காவிளை பஸ் போய் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே வேலை ஒன்றும் லேசில்லை. நட்டம் வந்தாலும் அவர்களுடையதுதான்.

இன்றைய மென்பொருள் அலுவலகங்களில் ‘தானே இயங்கும் குழு’ என்ற பேச்சு நிறைய. குழுவில் யார், கெடு எப்போது, எந்த வேலையை மறுக்கலாம்? இவற்றில் ஒன்றையாவது நாம் முடிவு செய்கிறோமா? இல்லையென்றால், “நம்ம கையில என்ன இருக்கு” என்பது மனக்குறை அல்ல, சரியான கணக்கு.